பட்டத்தை நாள்கணக்கில் அளந்தவருக்கு

மெம்ஃபிஸ் டேக் டீம் பட்டத்துக்கு, அதாவது மல்யுத்த ஜோடிகளுக்கான பட்டத்துக்கு, வரலாறு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று எழுதித் தீர்த்திருக்கிறார் ஒரு கட்டுரையாளர். அவர் வைக்கும் வாதங்கள் மூன்று. முடிவுகள் எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தவை, பேசி வைத்த வெற்றிக்கு ஏது வரலாறு என்பது முதலாவது. அந்தப் பட்டம் வாரத்துக்கு ஒரு கை மாறியது, அப்படி மாறிய பட்டத்துக்கு என்ன மதிப்பு என்பது இரண்டாவது. அது வெறும் வட்டாரச் சரக்கு, தரமான தேசியச் சரக்கு வந்ததும் தானாக ஒழிந்தது என்பது மூன்றாவது. போகிற போக்கில், அதைக் காசு கொடுத்துப் பார்த்தவர்களை ஏமாளிகள் என்றும் சொல்லிவிட்டார்.

இத்தனை பேசிய கட்டுரையில், அந்தப் பட்டத்துக்காக நடந்த ஒரே ஒரு சண்டையைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. யார் யாரை எந்தத் தேதியில் வென்றார் என்ற பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு நாட்களைக் கூட்டியிருக்கிறார். தொகை சிறிதாக வந்திருக்கிறது. உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்.

முதலில், எந்தப் பட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையாவது சரியாக வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் நிக் குலாஸ் நடத்திய மல்யுத்த நிறுவனத்தின் கையில் தெற்கு டேக் டீம் பட்டம் பல காலம் இருந்தது. 1977இல் அவருடைய கூட்டாளி ஜெர்ரி ஜாரெட் பிரிந்து மெம்ஃபிஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மினியாபொலிஸிலிருந்த ஏ.டபிள்யூ.ஏ. நிறுவனத்தோடு கைகோத்தார். பட்டத்துக்கும் ஏ.டபிள்யூ.ஏ. தெற்கு டேக் டீம் பட்டம் என்று பெயராயிற்று. 1989 வாக்கில் ஜாரெட்டின் நிறுவனம் டல்லஸ் நிறுவனத்தோடு இணைந்து யு.எஸ்.டபிள்யூ.ஏ. ஆனபோது, அதன் இடத்தில் புது நிறுவனத்தின் டேக் டீம் பட்டம் வந்து உட்கார்ந்தது. சட்டப் பெயர்கள் எப்படியானாலும், மெம்ஃபிஸ்காரர்களுக்கு அது திங்கட்கிழமை ராத்திரி விஷயம்.

அந்தத் திங்கட்கிழமையைப் புரிந்துகொண்டிருந்தால் நம் கட்டுரையாளரின் இரண்டாவது வாதம் பிறந்தே இருக்காது.

ஜாரெட்டின் ஆட்களுக்கு வாரம் இப்படி ஓடியது: திங்கள் மெம்ஃபிஸ், செவ்வாய் லூயிவில், புதன் எவன்ஸ்வில், பிறகு சின்ன ஊர்கள். சனிக்கிழமை காலை மெம்ஃபிஸில் சேனல் 5 நிலையத்தில் ஒன்றரை மணி நேர நேரடி ஒளிபரப்பு. வர்ணனைக்கு லான்ஸ் ரஸலும் டேவ் பிரௌனும். பிரௌன் அதே நிலையத்தில் வானிலை சொல்பவர். நாளைக்கு மழை வருமா என்று சொல்கிற அதே முகம், திங்கட்கிழமை யார் யாரை அடிக்கப்போகிறார் என்றும் சொல்லும். சனிக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் ஒரு வம்பு கிளம்பும். அதற்குக் கணக்குத் தீர்க்கிற சண்டை திங்கட்கிழமை மிட்சௌத் கொலிசியத்தில். அதில் இன்னொரு வம்பு. அடுத்த சனிக்கிழமை அதைப் பற்றிய பேச்சு. ஆண்டுக்கு ஏறக்குறைய ஐம்பது தடவை, அதே ஊரில், அதே அரங்கத்தில், பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய இடத்தை, பெரும்பாலும் அதே முகங்களைக் கொண்டு நிரப்பியாக வேண்டும்.

நியூயார்க்கில் மாதம் ஒரு முறை காட்சி நடத்துகிறவர் ஒரே சாம்பியனை மூன்று வருஷம் வைத்துக்கொள்ளலாம். வாராவாரம் கதவைத் திறக்கிறவரால் முடியாது. போன வாரம் வந்தவர் இந்த வாரமும் வர ஒரு காரணம் வேண்டும். பட்டம் கை மாறுவது அந்தக் காரணங்களில் ஒன்று. ஒரு ஜோடி பட்டத்தை இழக்கும். மறு சண்டை கேட்கும். அது குழப்பத்தில் முடிந்து பட்டம் யாருக்கும் இல்லை என்று நிறுத்தி வைக்கப்படும். அதற்கு அடுத்த வாரம் கூண்டுக்குள் சண்டை. ஒரே பகைக்கு நான்கு திங்கட்கிழமைகள். தவிர, மல்யுத்த வீரர்கள் ஒரு டெரிட்டரியில், அதாவது ஒரு நிறுவனத்தின் வட்டாரத்தில், சில மாதங்களோ ஓரிரு வருஷமோ இருந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். போகிறவர் பெல்ட்டை இருக்கிறவரிடம் தோற்றுவிட்டுப் போவதுதான் தொழில் மரியாதை. ஆக, அந்தப் பட்டியலிலுள்ள ஒவ்வொரு மாற்றமும் யாரோ ஊருக்குப் புதிதாக வந்ததையோ, யாரோ ஊரை விட்டுப் போனதையோ, கூட்டம் குறைந்ததையோ, நிறைந்ததையோ சொல்கிறது. வரலாறு என்று வேறு எதைச் சொல்வார்களாம்?

நாட்களை எண்ணுவதில் அவருக்கு அவ்வளவு பிரியம் என்றால், ஒரு கணக்கை நானும் கொடுக்கிறேன். ஹாங்கி டாங்க் மேன் என்று ஒருவர். எல்விஸ் மாதிரி தலைமுடியும் கிடாருமாக நியூயார்க் நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இல் வந்தவர். 1987 ஜூனிலிருந்து 1988 ஆகஸ்ட் வரை இன்டர்கான்டினென்டல் பட்டம் 454 நாட்கள் அவரிடம் இருந்தது. 2023இல் குந்தர் வந்து முறியடிக்கும் வரை அசையாத சாதனை. எப்படி வைத்திருந்தார்? வளையத்துக்கு வெளியே ஓடி, நடுவரின் எண்ணிக்கையில் தோற்று, வேண்டுமென்றே விதியை மீறி டிஸ்குவாலிஃபை ஆகி. அப்படித் தோற்றால் பட்டம் கை மாறாது என்ற விதியின் முதுகில் ஏறி ஒரு வருஷத்துக்கு மேல் சவாரி செய்தார். கடைசியில் அல்டிமேட் வாரியர் முன்னால் சுமார் அரை நிமிடம்தான் தாங்கினார். நாட்கணக்கில் பார்த்தால் அவர் மகா சாம்பியன். கதையாகப் பார்த்தால், எப்போதடா இவன் அடிபடுவான் என்று ஊரே காத்திருந்த கோழை. அந்த 454 நாட்களின் அழகே அதுதான். பட்டியலில் அது தெரியாது.

அவருடைய இயற்பெயர் வேய்ன் ஃபெரிஸ். இந்தப் பெயரை வேண்டுமென்றேதான் இங்கே கொண்டுவருகிறேன். எட்டு வருஷம் முன்பு அவர் யாரென்று பார்த்தால், கட்டுரையாளர் எழுதாமல் விட்ட சண்டைகளில் ஒன்றுக்கு நேராகப் போய் நிற்போம்.

1979 ஜூன் 15, வெள்ளிக்கிழமை. மிசிசிப்பி மாநிலத்தில் டுபிலோ. எல்விஸ் பிறந்த ஊர்தான்; ஆனால் மல்யுத்தக் கணக்கில் ஒரு சின்ன ஊர், சின்னக் கூடம். ஜெர்ரி லாலரும் பில் டண்டியும் தெற்கு டேக் டீம் சாம்பியன்கள். எதிரே வேய்ன் ஃபெரிஸும் லாரி லேத்தமும், பிளாண்ட் பாம்பர்ஸ் என்ற பெயரில். மஞ்சள் முடி வைத்த இரண்டு வில்லன்கள், அவ்வளவுதான். அதுவரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பாம்பர்ஸ் ஜெயித்தார்கள். பட்டம் கை மாறியது. பட்டியலில் ஒரு வரி.

சண்டை அதோடு முடியவில்லை. நால்வரும் வளையத்தை விட்டு இறங்கி, கூடத்தின் நடுவே அடித்துக்கொண்டே போய், தின்பண்டம் விற்கிற கடைக்குள் விழுந்தார்கள். லாலரின் நெற்றியில் ரத்தம். கேமரா பின்னாலேயே ஓடுகிறது, படம் ஆடுகிறது, லான்ஸ் ரஸல் மூச்சு வாங்க வர்ணிக்கிறார். எத்தனையோ வருஷமாக ஸ்டூடியோ மேஜைக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்து பேசியவர், இப்போது இங்கே என்ன நடக்கிறது என்று தெரியாத மனுஷன் மாதிரி பேசுகிறார். பெரிய கடுகு விழுது ஜாடி ஒன்று பறக்கிறது. தட்டு, பாத்திரம், துடைப்பக் கட்டை என்று கைக்குக் கிடைத்தது எல்லாம் ஆயுதம். தரை முழுக்க மஞ்சள். அதில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி அடிக்கிறார்கள். ஓரத்தில் நின்ற பார்வையாளர்கள் கைதட்டக்கூட மறந்து ஒதுங்கி நிற்கிறார்கள். மணி அடித்து எவ்வளவோ நேரமாகிவிட்டது.

அந்தப் படம் தொலைக்காட்சியில் ஓடியது. வெள்ளிக்கிழமை வரை யாரென்று தெரியாத இரண்டு பேர், மெம்ஃபிஸில் எல்லோரும் அடிக்கத் துடிக்கிற இரண்டு பேர் ஆனார்கள். இன்றைக்குக் குப்பைத்தொட்டியும் சமையலறைச் சாமானும் தூக்கிக்கொண்டு அரங்கத்துக்குப் பின்புறம் சண்டை போடுகிற காட்சிகள் மல்யுத்தத்தில் சாதாரணம். தொண்ணூறுகளில் ‘ஹார்ட்கோர்’ என்று பெயர் வைத்து டபிள்யூ.டபிள்யூ.எஃப். விற்றது அந்தச் சரக்கைத்தான். அதன் முன்னோடி டுபிலோ. 1981இல் அதே ஊரில், அதே மாதிரிக் கடைச் சண்டை இன்னொன்று நடந்தது. ரிக்கி மார்ட்டனும் எடி கில்பர்ட்டும் ஒரு பக்கம். ஜப்பானிலிருந்து தொழில் பழக வந்திருந்த அட்சுஷி ஒனிட்டாவும் மாசா ஃபுச்சியும் மறுபக்கம். அந்த ஜப்பானிய ஜோடியும் அதே வருஷம் இந்தத் தெற்குப் பட்டத்தை ஏந்தியது. ஒனிட்டா ஊருக்குத் திரும்பி 1989இல் எஃப்.எம்.டபிள்யூ. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முள்கம்பி, வெடி என்று ஜப்பானிய மல்யுத்தத்தையே புரட்டிப்போட்ட நிறுவனம் அது. டென்னஸிப் பட்டியலில் ஒனிட்டாவின் பெயர் சில வாரங்களாக மட்டும் நிற்கும். மேலே பார்த்த கணக்குப்படி அதற்கு மதிப்பு பூஜ்யம்.

சரி, அதே 1979ஆம் வருஷம் தேசியச் சரக்கு என்ன செய்துகொண்டிருந்தது? நியூயார்க் நிறுவனம் இன்டர்கான்டினென்டல் பட்டத்தைப் பெற்றெடுத்தது. பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவில் ஒரு போட்டித் தொடர் நடந்ததாம், பாட் பேட்டர்சன் வென்றாராம். அப்படி ஒரு தொடர் நடக்கவே இல்லை. எந்தக் கேமராவும் பார்க்கவில்லை, யாரும் டிக்கெட் வாங்கவில்லை. 1963இல் அதே நிறுவனம் தன் முதல் உலகச் சாம்பியனாக பட்டி ரோஜர்ஸை அறிவித்தபோதும் சொன்ன கதை ரியோவில் ஒரு போட்டித் தொடர்தான். ரியோ மேல் நியூயார்க்காரர்களுக்கு என்ன மோகமோ. இப்படிக் காற்றில் பிறந்த பட்டங்களைத் தேசியப் பெருமை என்று தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார் நம்மவர். டிக்கெட் வாங்கிய ஜனங்களின் கண்ணெதிரே, கேமரா முன்னால், ரத்தமும் கடுகுமாகக் கை மாறிய பட்டத்துக்கு வரலாறு இல்லையாம்.

அடுத்தது, முடிவுகள் பேசி வைத்தவை என்ற பெரிய கண்டுபிடிப்பு. 1989இலேயே நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன் டபிள்யூ.டபிள்யூ.எஃப். தானாகவே ஒப்புக்கொண்ட சங்கதி அது. வரியும் விளையாட்டு வாரியக் கெடுபிடியும் வேண்டாம் என்பதற்காக ஒப்புக்கொண்டது. இவர் கட்டுரையில் அது நேற்று வெளிவந்த ரகசியம் போல ஒலிக்கிறது. போதாதென்று ‘வெறும் கூத்து’ என்று திட்டுகிறார். துரியோதனன் சாவான் என்று தெரிந்தேதான் நம் ஊர்க் கூட்டம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. கூத்து என்பதை வசவாகப் பயன்படுத்துகிறவருக்கு மல்யுத்தமும் தெரியவில்லை, கூத்தும் தெரியவில்லை.

முடிவை எழுதியவர் யாருக்குப் பயந்து எழுதினார் என்பதுதான் கேள்வி. நிக் குலாஸின் கதையைப் பார்க்கலாம். அவருக்கு ஜார்ஜ் என்று ஒரு மகன். மகனைப் பெரிய சண்டைகளில் நாயகனாக நிறுத்தினார். வெற்றி தோல்வி முழுக்கத் தன் கையில் இருந்ததால் மகனுக்கு எத்தனை வெற்றி வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்க முடிந்தது. கூட்டத்தை எழுத முடியவில்லை. ஜார்ஜை மெம்ஃபிஸிலும் முன்னிறுத்த வேண்டும் என்ற நெருக்கடிதான் ஜாரெட் பிரிந்ததற்கு முக்கியக் காரணம் என்று அந்தத் தொழிலில் இருந்தவர்கள் சொல்வார்கள். சில வருஷங்களில் குலாஸின் கடை காலியானது. நாஷ்வில்லும் ஜாரெட் கைக்குப் போனது. ஏமாளிகள் என்றாரே, அந்த ஏமாளிகள் வீட்டில் உட்கார்ந்தே ஒரு முதலாளியைக் கவிழ்த்தார்கள். (ஜாரெட்டும் பிறகு தன் மகன் ஜெஃப்பை இறக்கினார், தெற்குப் பட்டத்தைப் பல தடவை கையில் கொடுத்தார் என்று யாராவது குறுக்கிடலாம். கொடுத்தார்தான். பையனுக்கு வேலை தெரிந்திருந்தது, ஜனங்கள் வந்தார்கள்.)

ஜாரெட் பிரிவதற்கு இருபது வருஷம் முன்பு, ஐம்பதுகளின் கடைசியில், அதே மெம்ஃபிஸில் ஸ்புட்னிக் மன்றோ என்ற வெள்ளைக்கார வில்லனைப் பார்க்கக் கறுப்பின மக்கள் திரண்டு வந்தார்கள். எல்லிஸ் ஆடிட்டோரியத்தில் அவர்களுக்கு மாடியில் மட்டும்தான் இடம். அது நிரம்பி வழிந்தது. அவர்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றால்தான் நான் இறங்குவேன் என்று நின்றார் மன்றோ. வசூலை விட மனமில்லாத புரமோட்டர் பணிந்தார். நகரத்தின் மற்ற அரங்குகள் நிறத்தைப் பார்த்து இடம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பேசி வைத்த சண்டையின் டிக்கெட் வரிசை செய்த வேலை.

மூன்றாவது வாதத்துக்கு வருவோம். இது மூன்றிலும் பலவீனமானது. ஆனால் அதிக ஆணவத்தோடு எழுதப்பட்டிருக்கிறது.

வட்டாரம், வட்டாரம் என்கிறாரே, 1983 வரை அமெரிக்காவில் எல்லாமே வட்டாரம்தான். 1948இல் அயோவாவில் புரமோட்டர்கள் கூடி என்.டபிள்யூ.ஏ.வை அமைத்து நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்பதும் நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா என்று வடகிழக்கு மூலையை வைத்துப் பிழைத்த ஒரு டெரிட்டரிதான். அதன் முதலாளி வின்ஸ் மெக்மஹன் கேபிள் தொலைக்காட்சியைப் பிடித்து, மற்றவர்களின் ஊர் நிலையங்களில் காசு கொடுத்து நேரம் வாங்கி, அவர்களின் நட்சத்திரங்களைச் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொண்டார். டெரிட்டரிகள் விழுந்தது இதனால். தரத்தில் தோற்று விழுந்தன என்று சொல்ல, குறைந்தபட்சம் எது எப்போது விழுந்தது என்று பார்த்திருக்க வேண்டும். நான் சொல்கிறேன்.

பட்டத்தை ஒருவரிடமே பூட்டி வைப்பதில் பேர்போன நிறுவனம் வெர்ன் கானியாவின் ஏ.டபிள்யூ.ஏ. அதன் உலகப் பட்டம் 1968இலிருந்து 1975 வரை கானியாவிடமே இருந்தது, ஏழு வருஷம். நிறுவனமும் அவருடையதுதான் என்பதால் கேட்க ஆளில்லை. அடுத்து நிக் பாக்விங்கல், கிட்டத்தட்ட ஐந்து வருஷம். நாள்கணக்குப் பிரியர்களுக்குச் சொர்க்கம். அந்த ஏ.டபிள்யூ.ஏ. 1991இல் மூடியது. பில் வாட்ஸின் நிறுவனம் 1987இல் விலைபோனது. ஜிம் கிராக்கெட் தன் நிறுவனத்தை 1988இல் டெட் டர்னரிடம் விற்றார். டல்லஸ் 1989இல் மெம்ஃபிஸிடம் வந்து சேர்ந்தது. பட்டம் வாராவாரம் கை மாறுகிறதே என்று நம்மவர் மூக்கைப் பொத்திக்கொள்கிற மெம்ஃபிஸ், 1997 வரை ஓடியது. டெரிட்டரிகளில் கடைசியாக விளக்கணைத்தவர்கள் அவர்கள்தான்.

அதுவரை என்ன செய்தார்கள்? ஜோடிகளை உருவாக்கினார்கள். 1982இல் ஸ்டான் லேன், ஸ்டீவ் கீர்ன் இருவரையும் சேர்த்து ஃபேபுலஸ் ஒன்ஸ் என்று பெயர் வைத்தார் ஜாரெட். பழைய தெற்கு டேக் டீம் நாயகன் ஜாக்கி ஃபார்கோ தன் வாரிசுகள் என்று கையைத் தூக்கி அறிமுகம் செய்தார். நீளத் தொப்பி, மினுக்கும் கோட்டு, ராக் பாட்டுக்கு வெட்டி ஒட்டிய வீடியோ. எம்.டிவி பிறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அரங்கத்துக்குப் பெண்கள் அதிகமாக வரத் தொடங்கினார்கள். ஃபேபுலஸ் ஒன்ஸ் போக முடியாத ஊர்களுக்கு அனுப்ப இன்னொரு ஜோடி தேவைப்பட்டது. 1983இல் ரிக்கி மார்ட்டனையும் ராபர்ட் கிப்ஸனையும் கோத்து ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் என்றார்கள். மாற்று ஏற்பாடாகப் பிறந்த அந்த ஜோடி அசலை விடப் பெரிதானது. மார்ட்டன் உள்ளே மாட்டிக்கொண்டு நெடுநேரம் அடி வாங்குவார், கை நீட்டுவார், கூட்டாளியின் விரல் நுனிக்கு ஒரு அங்குலம் முன்னால் வில்லன் காலைப் பிடித்து இழுப்பான், கூடம் அலறும். கடைசியில் கை தொட்டதும் கிப்ஸன் பாய்வார். இன்றுவரை உலகத்தில் எந்த டேக் டீம் சண்டையைப் போட்டுப் பார்த்தாலும் இந்த எலும்புக்கூடு உள்ளே இருக்கும். அதில் அடி வாங்குகிற வேலைக்கு மார்ட்டனின் பெயரையே சொல்லிப் புரிந்துகொள்வார்கள் வீரர்கள். 1987இல் வேறொரு இளம் ஜோடி இதே அச்சில் வந்து தெற்குப் பட்டத்தை ஏந்தியது. மார்ட்டி ஜனெட்டி ஒருவர். மற்றவர் ஷான் மைக்கேல்ஸ்.

கட்டுரையாளர் ஒரு விஷயத்தில் மட்டும் சரி: ஆவணம் ஒழுங்கில்லை. ஊர் ஊராக நடந்த மாற்றங்களில் சில பத்திரிகையில் வரவில்லை, சில தேதிகள் முன்பின்னாக இருக்கின்றன. ஆனால் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஜாரெட்டின் மல்யுத்த வீரர்களுக்கு வசூலைப் பொறுத்துத்தான் கூலி. அடிபட்டுப் படுத்தால் அதுவும் இல்லை. அதைப் பற்றி அவர் எழுதியிருந்தால் நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன். உழைத்தவர்களின் பக்கம் நின்று கேட்க எத்தனையோ கேள்விகள் இருக்க, அவர்கள் எத்தனை நாள் பெல்ட் கட்டியிருந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் கட்டுரையின் கடைசிப் பத்தியில் ‘உண்மையான சாம்பியன்’ என்று மரியாதையோடு ஒரு பெயர் வருகிறது: ராக், அதாவது டுவெய்ன் ஜான்சன். 1996இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அந்தப் பையனைப் பழக்குவதற்கு அனுப்பிய இடம் மெம்ஃபிஸ். அங்கே அவர் பெயர் ஃப்ளெக்ஸ் கவானா. தொழிலில் அவர் ஏந்திய முதல் பட்டம், தெற்குப் பட்டத்தின் இடத்தில் வந்த யு.எஸ்.டபிள்யூ.ஏ. டேக் டீம் பட்டம். ஜோடி பார்ட் சாயர். இரண்டு தடவை ஏந்தினார். இரண்டு தடவை என்றால், நடுவில் ஒரு தடவை தோற்றிருக்கிறார். அந்த வாரங்களையும் கூட்டிப் பார்த்துவிட்டு, ராக்குக்கும் வரலாறு கிடையாது என்று அடுத்த இதழில் எழுதட்டும்.